புயலுக்கு மறுநாள் ஊர் நடந்தது

புயல் கரையைக் கடந்த மறுநாள் எனக்குக் காலை எட்டு மணி டியூட்டி. ஆவடியில் ராணுவத்துக்கான சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எண்பதுகளின் கடைசி. ருஷ்யாவில் அணு உலை வெடித்த செய்தியை எல்லோரும் பேப்பரில் படித்து, பேசி ஓய்ந்து, ஆனால் இன்னும் முழுதாக மறக்காமல் இருந்த காலம்.

இரண்டு நாளாக அடித்த காற்று விடியும்போதுதான் நின்றிருந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரோட்டின் குறுக்கே மரங்கள் கிடந்தன. சைக்கிள் ஸ்டாண்டின் கூரை ஷீட்டுகள் மொத்தமாகப் பெயர்ந்து பறந்துபோய், ஃபுட்பால் கிரவுண்டின் நடுவில் யாரோ அளவு பார்த்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. வேலியோரம் முழுக்கச் செத்த காகங்கள். மேலே பார்த்தால் வானம் கழுவித் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. அந்த நீலத்துக்குக் கீழே இவ்வளவும் நடந்திருக்கிறது என்பதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எக்ஸ்சேஞ்ச் என்பது ஆபீஸ் கட்டடத்தின் மாடியில் ஒரு அறை. சுவரோடு ஒரு போர்டு; அதில் வரிசையாக, கால் வந்தால் எரியும் சின்னச் சின்ன விளக்குகள், துளைகள், துளைகளில் செருகும் கார்டு வயர்கள். பெரிய பெரிய பேட்டரிகள் இருந்ததால் கரண்ட் இல்லாவிட்டாலும் போர்டு உயிரோடு இருக்கும். என்னோடு வேலை செய்யும் பெண் அம்பத்தூரிலிருந்து வர வேண்டியவள். மின்சார ரயில் ஓடவில்லை, வரவில்லை. நான் ஒருத்திதான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் காலைச் செய்தியில் ஒரு வரி வந்திருந்தது. புயலை முன்னிட்டுத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அணுமின் நிலையத்தில் மின் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. நானும் வீட்டில் பேட்டரி ரேடியோவில் கேட்டேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன். அதற்குப் பிறகு காய்கறி விலையோ என்னமோ சொன்னார்கள். அந்த வரி என் காதில் தங்கவேயில்லை.

ஆபரேட்டர் பிறர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்காத ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. லைன் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிற அந்த மூன்று நான்கு நொடியில் ஊரே காதுக்குள் வந்துவிடும்.

எட்டரை மணிக்கு ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒருவருக்கு அவர் மனைவி போன் செய்தாள். "அங்க அணு உலைய நிறுத்தி வச்சிருக்காங்களாமே?" என்றாள். ஒன்பது மணிக்கு வேறொருத்தி, "அது நின்னு போச்சாம்ல?" என்றாள். ஒன்பதரைக்கு நசரத்பேட்டையில் இருக்கும் ஒரு லாரி ஆபீஸிலிருந்து எங்கள் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்குக் கால் வந்தது. லோடு வராது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள். பேச்சோடு பேச்சாக அந்த ஆள் சொன்னான்: "கடக்கரைப் பக்கத்திலேந்து ஒரு டிரைவர் வந்துகிறாம்பா. கடலு உள்ள பூந்துச்சாம். மிஷினெல்லாம் நின்னு பூட்ச்சாம்." பத்து மணிக்கு முன்பே ஒரு பெண் குரல் அழுதுகொண்டே கேட்டது: "வெடிச்சிடுச்சாங்க?"

யாரும் பொய் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன். ஆளுக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். நான்தான் ஒவ்வொரு சொல்லையும் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு என் கையாலேயே மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். ஒரு வரி இப்படி என் கண்ணெதிரே வளர்ந்து வேறொன்றாக ஆவதைப் பார்க்க உடம்பு சில்லிட்டது. எதிரில் நிற்கும் மலை நகர்ந்து வருவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

பத்தரை மணிக்குக் கரண்ட் வந்தது. வந்ததும் தொழிற்சாலையின் சங்கு ஒலித்தது. ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்குதான். புயலில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஈரம் இறங்கி ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டதாம், பிற்பாடு சொன்னார்கள். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் அடங்குவது, அன்றைக்கு நிற்கவில்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். ஊதிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது என் போர்டில் இருந்த அத்தனை விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்துகொண்டிருந்தன.

நான் எந்த விளக்கையும் எடுக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே மெயின் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையின் டிஸ்பென்சரி. முதலில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி. அவர்கள் ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள், மேற்கே. அடுத்தாற்போல் நான்கு குடும்பங்கள். அப்புறம் எண்ண முடியவில்லை. குவார்ட்டர்ஸின் எல்லா வரிசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து ரோட்டில் சேர்ந்தார்கள். மூக்கில் ஈரத் துண்டு கட்டியிருந்தார்கள். ஒருத்தி குக்கரைக் கையில் பிடித்திருந்தாள், மூடி திறக்காமல். ஒரு பெரியவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். கடலுக்கு எதிர்த்திசை மேற்கு; பட்டாபிராம், திருநின்றவூர் என்று போய்க்கொண்டே இருந்தால் கடலிலிருந்து தள்ளிப் போய்விடலாம். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்தக் கூட்டத்தின் சத்தமின்மைதான். அவ்வளவு ஜனம் போகும்போது கூச்சல் இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, மழைத் தண்ணீரில் சளக் சளக்கென்று. கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத ஒன்றுக்குப் பயந்தவர்கள் வாயைத் திறக்கவும் பயப்படுவார்கள் போலிருக்கிறது. பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது. ஒரு ஊரே ஒரே எண்ணத்தோடு எழுந்து நடப்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எங்கள் வரிசைக்குப் பால் ஊற்றுபவர் கோவில்பதாகைக்காரர். அவர் மட்டும் கூட்டத்துக்கு எதிராக, கிழக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நீ இன்னும் இங்கியே கீறே?"

"நீங்க போகலையா?"

"எரும கட்டிகினு கீது. அத வுட்டுட்டு எங்க போறது? அது நடக்காதும்மா, தண்ணியில படுத்துக்கும்" என்று சொல்லிவிட்டு, மரக்கிளையைத் தூக்கித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு அதே தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை. அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட், அதனால் வீட்டில் இருந்தார். எங்கள் மூன்று வயது மகளை சைக்கிளின் முன்னால் உட்கார வைத்திருந்தார். குழந்தையின் முகத்தில் என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டியிருந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, "கெளம்பு" என்றார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். நானும் ஓடத்தான் கிளம்பினேன்; இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கைப்பையை எடுத்தேன், செருப்பை மாட்டினேன். அப்போது போர்டில் டிஸ்பென்சரி விளக்கு எரிந்தது. மற்ற எல்லா விளக்கும் எரிந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. அந்த ஒரு விளக்கு மட்டும் அணையாமல் நிதானமாக எரிந்தது. எடுத்தேன்.

"நான்தாம்மா பேசுதேன்" என்றது குரல். டிஸ்பென்சரி நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன். அந்த மகன் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தது கடலோரத்தில் இருந்த அந்த அணுமின் நிலையத்தில்தான். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்று காலையில் எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"ஒரு ட்ரங்க் கால் போட முடியுமா? அவசரம் இல்ல. உனக்கு முடிஞ்சா பாரு. இங்க டிஸ்பென்சரியில கூட்டம் அதிகமா இருக்கு, நான் வைக்கேன்."

அவசரம் இல்லை என்று அவர் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். என்ன கேட்டார்கள் என்று சொன்னேன். அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். "சீக்கிரம் போடு" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அப்போதெல்லாம் வெளியூருக்கு நேராக டயலைச் சுற்றிப் பேசுவது எல்லா இடத்துக்கும் கிடையாது. ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டரைக் கேட்டு, அவர் அடுத்தவரைக் கேட்டு, கை மாறி கை மாறிப் போக வேண்டும். அம்பத்தூர் எக்ஸ்சேஞ்சைப் பிடித்தேன். அங்கே இருந்த பெண் என்னை வெறும் குரலாகவே ஆறு வருடமாகத் தெரிந்தவள். "தெற்க எல்லா லைனும் செத்துக் கிடக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "மெட்ராஸ் ட்ரங்க்ல கேக்கறேன். ஆனா எனக்கும் சொல்லணும், என் புள்ளைங்கள கூட்டிக்கிட்டுக் கெளம்பலாமா வேணாமான்னே தெரியல" என்றாள்.

லைன் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஜன்னல் வழியாக டிஸ்பென்சரி தெரிந்தது. அதன் வாசலில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் கையில் பழைய பேப்பர் ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்தான், நன்றாகப் படித்தவர். ருஷ்யாவில் விபத்து நடந்தபோது மக்களுக்கு அயோடின் கொடுத்தார்கள் என்று அதில் போட்டிருந்ததாம். டிஸ்பென்சரியில் டிங்ச்சர் அயோடின் இருக்கிறது, அடிபட்ட காயத்துக்குப் போடுவது. ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் டம்ளர்கள் வைத்திருந்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையின் வாயைத் திறந்தே பிடித்திருந்தாள்.

வாசல்படியில் சிஸ்டர் தனியாக நின்றார். டாக்டர் வரவில்லை, அவர் வீடு நூம்பல் பக்கம், ரோடு மூழ்கியிருந்தது. கையில் அந்தப் பெரிய பழுப்புநிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, உயரமாக இல்லாத அந்த அம்மாள், எல்லோரையும் பார்த்துப் பேசினார். காற்று அடங்கியிருந்ததால் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"இது குடிக்கிற மருந்து இல்ல. குடிச்சா தொண்டை வெந்து போகும். அவங்க கொடுத்தது வேற மாத்திரை. இதுல ஒரு சொட்டு உங்க பிள்ளைங்க வாயில போக நான் விட மாட்டேன்."

"உங்களுக்கென்ன சிஸ்டர், உங்க புள்ளையா சாகப் போறான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

சிஸ்டரின் மகன் எங்கே வேலை செய்கிறான் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். கத்தினவருக்குத் தெரியாது, புதிதாக வந்தவர். பக்கத்தில் நின்றவர் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொல்வது தெரிந்தது. சிஸ்டர் கோபப்படவில்லை.

"எம் மகன் அங்கதான் வேலை பாக்கான்" என்றார். "நேத்து காலையில டியூட்டிக்குப் போனவன். ஓடணும்னா நான்தான் முதல்ல ஓடணும். அதுவும் அந்தப் பக்கமா." கையைத் தெற்கே நீட்டினார். பிறகு அந்த பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்ப அதே படியில் வந்து நின்றார். "யாருக்காவது காயம் இருந்தா உள்ள வாங்க. கட்டுப் போடுதேன்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு ஆள், கூரை ஓடு விழுந்து நெற்றி கிழிந்தவர், தலைகுனிந்து உள்ளே போனார். அவர் பின்னால் இன்னொருவர். டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் காதில் செங்கல்பட்டு கிடைத்தது. அங்கே இருந்த ஆபரேட்டரும் பெண். "எங்க எக்ஸ்சேஞ்சுக்கே பாதிக் கூரை இல்லீங்க, போர்டு மேல தார்ப்பாய் போத்தி உக்காந்திருக்கேன்" என்றாள். "நேத்துலேந்து வீட்டுக்குப் போகல. நீங்க எங்க பேசணும்?" சொன்னேன். அம்பத்தூர்க்காரி போலவே அவளும் ஒன்று கேட்டாள்: "நானும் கேட்டுக்கலாமா?"

ஆவடி, அம்பத்தூர், மெட்ராஸ், செங்கல்பட்டு. நான்கு பெண்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. லைனில் இரைச்சல் கடல்போல இருந்தது. நான்கு பேரும் காத்திருந்தோம். அந்தப் பக்கம் மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. நின்றது. செங்கல்பட்டுக்காரி மறுபடி போட்டாள். மறுபடி. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ யாரோ எடுத்தார்கள். சிஸ்டரின் மகன் பெயரைச் சொன்னேன். "இருங்க, கூப்பிடறேன்" என்றது ஒரு ஆண் குரல், பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரி.

ஜன்னல் வழியாகக் கை அசைத்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டார். கட்டிக்கொண்டிருந்த கட்டை முடித்து, முடிச்சைக் கத்தரித்து, கை கழுவி, அதற்குப் பிறகுதான் ரோட்டைத் தாண்டினார். அவர் பின்னால் கூட்டமும் வந்தது. மாடிப்படியெல்லாம் ஆட்கள்.

சிஸ்டர் படியேறி வருவதற்குள் மகன் லைனுக்கு வந்துவிட்டான். "யாரு?" என்றான். குரல் வறண்டு, உடைந்து, பாதி தூக்கத்தில் இருப்பவன் குரல் மாதிரி இருந்தது. நான் யார் என்று சொன்னேன். "அம்மா மேல வந்துட்டு இருக்காங்க" என்றேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் குடுங்க" என்றான். "குரல சரி பண்ணிக்கிறேன்."

தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினான். இன்னொரு தடவை செருமினான். "ஹலோ, ஹலோ" என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு, "ம், குடுங்க" என்றான். அது வேறு ஆளின் குரல். தெளிவான, சிரித்த முகத்தோடு பேசுகிற குரல். அந்த ஒரு நிமிஷத்தை நான் சிஸ்டரிடம் சொன்னதில்லை. கேட்ட மற்ற மூன்று பெண்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சிஸ்டரிடம் போனைக் கொடுத்தேன். ஹெட்செட் என் காதிலேயே இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேம்மா. உப்புமா போட்டாங்க."

"தூங்குனியா?"

"மாத்தி விட ஆள் வரலம்மா. ரோடெல்லாம் மரம். அதான் நாங்களே பாத்துக்கிட்டு இருக்கோம்."

சிஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இங்க எல்லாரும் வெடிச்சிட்டுன்னு சொல்லுதாங்க. எனக்கு உள்ளத சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நிதானமாகச் சொன்னான்: "வெடிக்கல. புயல் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டோம். ஆனா நிறுத்தினாலும் அது உள்ள சூடாவே இருக்கும்மா. அடுப்ப அணைச்சாலும் பாத்திரம் சுடும்ல, அந்த மாதிரி. இது நாள்கணக்குல சுடும். அதுக்குத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். வெளி கரண்ட் இல்ல, டீசல் இன்ஜின் போட்டு ஓட்டறோம். ஓடுது. அத விட்டு நகராம உக்காந்திருக்கோம். அவ்வளவுதான்."

"கடல் உள்ள வந்துட்டா?"

"வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போச்சு."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு ஏதோ ஜெபம் சொல்லி அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, படியில் நின்றவர்களைப் பார்த்து மகன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நின்றாலும் சூடு இருக்குமாம், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம், ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம், கடல் வாசல் வரை வந்ததாம். எல்லாவற்றையும் சொன்னார்.

பேப்பர் வைத்திருந்தவர், "சிஸ்டர், நம்பலாமா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை.

"அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும். சின்ன வயசுலேந்து தெரியும். இப்ப சொல்லல."

எங்கோ நாற்பது மைல் தள்ளி, ஒரு கட்டடத்துக்குள், அணைந்தும் ஆறாத ஒன்றின் பக்கத்தில், தூக்கம் இல்லாமல் சில பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். நான் அதுவரை அணு உலையைப் பற்றி யோசித்ததே இல்லை. வீட்டில் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும், அதோடு சரி. நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் கொதிக்கிற ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒருவன் உப்புமா சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்காகக் குரலைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று எனக்குத் தெரியவில்லை.

"வச்சிருதேன். நீ வேலையப் பாரு" என்றார் சிஸ்டர். போனை என்னிடம் நீட்டியபோது அவர் விரல்கள் என் மேல் பட்டன. ஐஸ் மாதிரி இருந்தன.

லைன் அறுவதற்கு முன் செங்கல்பட்டுக்காரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லா இருக்கட்டும்" என்றாள். அம்பத்தூர்க்காரி, "நான் எல்லா நம்பருக்கும் சொல்லிடறேன்" என்றாள். சொன்னாள். அடுத்த இரண்டு மணி நேரம் நானும் அதைத்தான் செய்தேன். எரிந்த ஒவ்வொரு விளக்கையும் எடுத்து, சிஸ்டர் சொன்னதை அதே சொற்களில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று கவனமாக இருந்தேன். "வெடிக்கல. நிறுத்தி வச்சிருக்காங்க. உள்ள சூடு இருக்கு. தண்ணி ஓடுது." சிலர் திருப்பித் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். பூந்தமல்லியிலிருந்து பேசிய ஒருவர், "நாலு வார்த்தைல சொல்லிட்டியேம்மா, இத ரேடியோல சொல்லக் கூடாதா?" என்றார்.

என் வீட்டுக்காரர் மகளைப் படியில் இருந்த ஒரு அம்மாளிடம் விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு சைக்கிளில் திருநின்றவூர்ப் பக்கம் போனார். போனவர்களைத் திருப்பிக் கூப்பிடத்தான். எல்லோரும் நம்பவில்லை. "உன்ன யாரு அனுப்பினது?" என்று அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அவர் சிஸ்டரின் மகனைப் பற்றிச் சொன்னதும்தான் விட்டார்களாம். ஆள் அங்கேதான் இருக்கிறான், பேசினான், சாப்பிட்டான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஜன்னலில் நின்று பார்த்தபோது கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. போனபோது இருந்த மௌனம் போய்விட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. நாற்காலியில் போன பெரியவர் இப்போது நடந்து வந்தார். நாற்காலியில் அவருடைய பேத்தி உட்கார்ந்திருந்தாள். குக்கர் கொண்டுபோனவள் அதை ரோட்டோரத்தில் திறந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீடுகளைத் திறந்து போட்டபடி போயிருந்தார்கள். எந்த வீட்டிலும் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. எடுப்பதற்கும் ஆள் இல்லையே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

சிஸ்டர் அன்றைக்கு மாலை வரை கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கத்தியவர், அந்தப் புதிய ஆள், கடைசியில் உள்ளே போய் நின்றாராம். காயம் எதுவும் இல்லை. "என்ன வேணும்?" என்று சிஸ்டர் கேட்க, டிஸ்பென்சரித் தரையில் கிடந்த சேற்றைத் துடைப்பம் எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டுப் போனாராம்.

மகன் பன்னிரண்டு நாள் கழித்து லீவில் வந்தான். என் மனதில் அந்தக் குரலுக்கு ஆறடி உயரம் கொடுத்து வைத்திருந்தேன். வந்தவன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, என் தோள் உயரம்தான் இருந்தான். இரண்டு நாள் தூங்கினான். அவனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டியவர்கள் உண்டு. வாசலுக்கு வெளியிலேயே நின்று, அவன் நீட்டிய டம்ளரை வாங்கத் தயங்கியவர்களும் உண்டு. ஒரு பெண் வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள்: "தம்பி, உம் மேல ஏதாச்சும் ஒட்டியிருக்குமா?"

"இல்லக்கா. வெளிய வரும்போதே சோதிச்சுத்தான் விடுவாங்க" என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கும் வரை அவள் புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஒரு நாள் அவனிடம் தனியாகக் கேட்டேன், அன்றைக்குப் பயந்தாயா என்று.

"ராத்திரி பயந்தேன்" என்றான். "காலையில நீங்க கூப்பிட்டப்ப டீசல் இன்ஜின் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னதெல்லாம் உண்மைதான். ராத்திரி கூப்பிட்டிருந்தீங்கன்னா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல."

லீவு முடிந்து அவன் திரும்பிப் போன நாள் ஒரு திங்கட்கிழமை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் தாம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து தெற்கே போக வேண்டும். வழியனுப்ப சிஸ்டரோடு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஆவடியில் பஸ் ஏறினால் எங்கள் வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். ஒருவருக்குப் பூந்தமல்லியில் வேலை இருந்ததாம், இன்னொருவருக்கு மார்க்கெட் போக வேண்டுமாம். பூந்தமல்லியில் இறங்கியதும் ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. அவனைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குப் பழைய பேப்பரை ஆட்டியவரும் அதில் இருந்தார்; அவன் பையை அவர்தான் தூக்கி வைத்திருந்தார், கேட்டும் கொடுக்கவில்லை.

பஸ் வந்தது. அவன் அம்மாவின் முன் கொஞ்சம் குனிந்தான். சிஸ்டர் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார். "மாத்திவிட ஆள் வரலன்னா போன் போட்டுச் சொல்லு" என்றார், தன் டிஸ்பென்சரியில் ஒரு ஜூனியர் நர்ஸிடம் சொல்வது போல. அவன் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தான். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் பேப்பரை ஆட்டியவர் பையை ஜன்னல் வழியாக நீட்டினார். எந்த இடத்துக்குப் பயந்து ஊரே எழுந்து ஓடியதோ, அந்த இடத்துக்கு அவன் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தான்.